எரிக் லிடலின் மரணம்

1945-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி, வட சீனாவில் ஷான்டுங் மாகாணத்திலுள்ள வெய்ஷியன் என்னும் ஊரில், ஜப்பானியர் அந்நிய நாட்டாரை அடைத்து வைத்திருந்த காவல் முகாமின் ஆஸ்பத்திரியில், 43 வயதுள்ள ஒரு பாதிரியார் உயிர் நீத்தார். அவர் பெயர் எரிக் லிடல். அதற்கு இருபது வருஷங்களுக்கு முன் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்று உலகப் பிரசித்தி அடைந்தவர் அவர். கிறிஸ்தவ விசுவாசத்தோடு மரணத்தைச் சந்தித்த விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது அவர் பெயர் தவறாமல் வருகிறது. ஆனால் பெரும்பாலோர் பாரிஸோடு கதையை முடித்து விடுகின்றனர். நமக்கோ வெய்ஷியன்தான் முக்கியமாகத் தோன்றுகிறது.

லிடல் ஸ்காத்லாந்து தேசத்து மிஷனரி தம்பதிகளின் குமாரர். 1902-ல் சீனாவில் டியன்ட்ஸின் நகரில் பிறந்தார். அந்நிய மிஷன்களைப் பற்றித் தேசியவாதிகளாகிய நமக்குள்ள அபிப்பிராயத்தை இங்கே மறைக்க வேண்டியதில்லை. 1860-ல் பீரங்கி பலத்தால் ஐரோப்பியருக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம் டியன்ட்ஸின். அந்த வழியே நுழைந்தவர்களில் வியாபாரியும் இருந்தான், பாதிரியும் இருந்தான். ஆயினும் ஒரு மனிதனை அவன் வந்திறங்கிய கப்பலைக் கொண்டு மட்டும் எடை போடுவது நியாயமாகாது.

எடின்பரோ சர்வகலாசாலையில் படிக்கையில் ரக்பி பந்தாட்டத்தில் ஸ்காத்லாந்தின் சார்பாக 7 தடவை ஆடினார். ஆனால் ஓட்டமே அவருக்குப் புகழ் தந்தது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கைகளை வீசிக்கொண்டு, பார்ப்பவர் நகைக்கும்படி ஓடுவார். எனினும் முதலில் வந்து சேருவார். 1924-ல் பாரிஸ் பந்தயத்தில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று, ஜூலை 6-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் என்று பல மாதங்களுக்கு முன்பே தெரிந்தது. ஓய்வு நாளில் ஓடுவதில்லை என்று லிடல் மறுத்துவிட்டார். 1981-ல் வெளிவந்த பிரசித்தி பெற்ற சினிமாவில், கப்பலேறும் சமயத்தில்தான் இந்தச் சேதி அவருக்குத் தெரிந்ததாகக் காட்டியிருப்பது உண்மையன்று. அதிகாரிகள் வற்புறுத்தினர், தேசத்தின் கௌரவத்தைக் கெடுக்கிறார் என்று பலர் தூற்றினர். அவர் அசையவில்லை. 400 மீட்டர் ஓட்டத்துக்குத் தம்மைத் தயார் செய்துகொண்டார். ஜூலை 11-ந் தேதி 47.6 விநாடிகளில் ஓடி வெற்றி பெற்றார். அதற்கு இரண்டு தினங்களுக்கு முன் 200 மீட்டரில் மூன்றாவதாக வந்திருந்தார்.

தேசத்தின் பெயரைச் சொல்லியே பிறரைப் பணிக்கு அழைக்கும் நாம், தேசத்தின் பெயரால் வந்த கட்டளையை மறுத்த ஒருவரைப் புகழ்வது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். மனச்சாட்சிக்காகச் சிறை சென்றவர்களுக்கு அப்படிப் படாது.

மறு வருஷமே அவர் சீனாவுக்குத் திரும்பினார். டியன்ட்ஸினில் ஒரு கலாசாலையில் உபாத்தியாயராயிருந்தார். 1934-ல் விவாகம் நடந்தது. 1937-ல் யுத்தம் மூண்ட பிறகு, ஷியாவ்சாங் என்னும் கிராமப் பிரதேசத்துக்குச் சென்றார். அங்கே ஒருபுறம் ஜப்பானியப் படை. மறுபுறம் சீனப் படைகளும் கொள்ளைக்காரரும். ஒரு பாழடைந்த கோவிலில் காயமடைந்த மனிதன் ஒருவன் கிடப்பதாகக் கேள்விப்பட்டார். ஜப்பானியருக்கு அஞ்சி அவனை ஒருவரும் வீட்டில் சேர்க்கவில்லை. லிடல் ஒரு கட்டை வண்டியுடன் சென்று அவனை ஏற்றிக்கொண்டார். வழியில், சிரச்சேதத்துக்குத் தப்பி, கழுத்தில் வாள் வெட்டோடு கிடந்த இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். முதல் மனிதன் பிழைக்கவில்லை. வெட்டுண்டவன் பிழைத்தான். அன்று தம் உள்ளத்தில் பயமே இல்லையென்று லிடல் பாவனை செய்யவில்லை. பயத்தோடுதான் போனார்.

1941-ல், கர்ப்பவதியாயிருந்த மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கானடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் தங்கினார். மூன்றாவது பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. 1943 மார்ச்சில் வெய்ஷியனுக்குக் கொண்டு போகப்பட்டார்.

ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த முகாமில், பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். லிடல் அவர்களுக்குப் பாடம் சொன்னார், பந்தயங்கள் நடத்தினார், முதியோருக்குத் தண்ணீர் சுமந்தார். குளிர்காலத்தில் செருப்பின்றி இருந்த ஒரு பையனுக்குத் தம் பழைய ஓட்டக் காலணிகளைக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே விளையாட்டு வேண்டாம் என்பதே அவர் கட்சி. பிள்ளைகள் கேட்கவில்லை, மேற்பார்வையின்றி ஹாக்கி ஆடிச் சண்டையில் இறங்கினர். அடுத்த ஞாயிறு லிடலே மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்தினார். தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடாத விரதத்தைச் சில பிள்ளைகளின் பொருட்டு அவர் விட்டுக்கொடுத்தார். பாரிஸில் மறுத்ததைக்காட்டிலும் இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். விரதத்தைக் கைக்கொள்வது கடினம். அது யாருக்காக ஏற்பட்டது என்பதை அறிந்து தளர்த்துவது அதனினும் கடினம்.

1944-ன் இறுதியில் தலைவலி தொடங்கியது. தேக பலத்தாலேயே பெயர் பெற்றவனுக்கு அத்தேகம் தளர்வதைக் காண்பது எளிதன்று. மின்னலைப் போல் ஓடியவர் முகாமின் பாதைகளில் மெல்ல நடந்தார். முகத்தில் சிரிப்புக் குறைந்தது. அடிக்கடி சோர்வு வந்தது. நரம்புத் தளர்ச்சி என்று வைத்தியர்கள் எண்ணினர். மூளையில் கட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. மரணத்தோடு உலகம் முடிந்துவிடுவதில்லை, அழியும் தேகம் அழியாமை பெற்று எழும் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஓட்டப் பந்தயத்தையும் வாடிப்போகும் மாலையையும் உவமையாகக் கொண்டு பவுல் அடிகள் எழுதியதை லிடல் நன்கறிந்தவர். அந்த நம்பிக்கை அவரைச் சோர்விலிருந்து காப்பாற்றிவிடவில்லை. சோர்வின் நடுவிலும் பிறர் காரியத்தைக் கவனிக்கச் செய்தது. அவ்வளவே நாம் அறிந்தது. அதற்குமேல் அலங்காரமாகச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

இறந்த தினத்திலே மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். உடல் தேறி வருவதாகவும், வேறு வேலையை மேற்கொள்ளலாமென வைத்தியர் கூறுவதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். மாலையில் நினைவு தப்புமுன், எல்லாவற்றையும் இறைவனிடம் ஒப்படைத்தலே வேண்டுவது என்னும் கருத்துப்படத் தாதியிடம் சொன்னார். ஜப்பானிய அதிகாரிகளின் இருப்பிடத்துக்குப் பின்னாலிருந்த தோட்டத்தில் அவரைப் புதைத்து, மரச் சிலுவை ஒன்றை நட்டனர். ஆகஸ்டு 17-ந் தேதி அமெரிக்கப் போர்வீரர்கள் வந்து முகாமை விடுவித்தனர். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, மே மாதத்தில், அவருடைய மரணச் செய்தி கானடாவிலிருந்த மனைவிக்கு எட்டியிருந்தது.