நிம்மதியைக் கடன் கேட்காத பண்டிதர்

ஒடுக்கப்பட்ட மக்களிடம் யாராவது மன அமைதியைப் பற்றிப் பேச வந்தால் நமக்குச் சற்றுச் சந்தேகம் வருவது இயல்பு. தலையெழுத்தை ஏற்றுக்கொள், கிடைத்ததில் திருப்திப்படு என்ற உபதேசத்தைத்தான் நம் பாட்டன், பூட்டன் காலம் தொட்டுக் கேட்டு வந்திருக்கிறோம். கூலியைக் கேட்காதே, பள்ளிக்கூடத்தைக் கேட்காதே என்பதுதான் அதன் உள்ளர்த்தம். மனம் நொந்து போகாமலும் உரிமையை விட்டுக்கொடுக்காமலும் வாழ முடியுமா? முடியும் என்று காட்டியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20ஆம் தேதி பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர்தாம் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பதைப் பண்டிதரே எழுதி வைத்திருக்கிறார். படிக்கக் கூடாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒரு குடும்பம் வள்ளுவரைப் பத்திரமாகக் காத்து வைத்திருந்தது. அந்த எண்ணம் சிறுவன் மனதில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்.

தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தந்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசர். அந்தப் பெயரையே மாணவர் தமக்கு வைத்துக்கொண்டார். பிறப்பை வைத்து ஊர் தரும் பெயரைவிடப் படிப்பு தந்த பெயரே தமக்குரியது என்று முடிவு செய்துவிட்டார். அவருடைய வாழ்க்கைத் தத்துவத்தின் முதல் படியாக இதை நாம் பார்க்கலாம்.

நீலகிரியில் வாழ்ந்த இளமைக் காலத்தில், 1870களில், அத்வைதானந்த சபை என்ற அமைப்பை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்று சொல்லும் தத்துவத்தில் மேல், கீழ் இருக்க முடியாது என்பது அப்போது அவருடைய நம்பிக்கை. தொடர்ந்து 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, கல்வி, வேலை, மரியாதை கேட்டுத் தீர்மானங்கள் நிறைவேற்றினார்.

அடுத்த ஆண்டே அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. 1892இல் சென்னையில் மகாஜன சபையின் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாகப் போன பண்டிதர், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்கள் மக்கள் நுழைவதற்கு ஏன் தடை என்று கேட்டார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரிய தெய்வங்கள் அல்ல என்று தஞ்சாவூரில் இருந்து வந்த பிரதிநிதி ஒருவர் பதில் சொன்னார்.

நாலு பேர் நடுவில் இப்படி அவமானப்பட்டவர் என்ன செய்வார்? தலை குனிந்து வெளியேறலாம். ஆத்திரத்தில் வார்த்தையைக் கொட்டலாம். பண்டிதர் இரண்டையும் செய்யவில்லை. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் வேறு இரண்டைக் கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும், சும்மா கிடக்கும் தரிசு நிலம் எங்கள் மக்களுக்கு வேண்டும். இந்தக் கோரிக்கைகளைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அதற்கான அரசாணை வந்ததும் அதே 1892ஆம் ஆண்டில்தான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீரின் அறிக்கை அதற்கு அடிப்படையாக இருந்தது.

அந்தக் கூட்டம் பண்டிதரின் சிந்தனையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. அடைத்த கதவின் முன் நின்று கெஞ்சுகிறவனின் சந்தோஷம் கதவுக்கு உள்ளே இருப்பவன் கையில் இருக்கிறது. அவன் சிரித்தால் இவனுக்கு நிம்மதி, முறைத்தால் துக்கம். அந்தச் சாவியைத் திரும்ப வாங்குவதே முதல் வேலை என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். தமிழ் நூல்களைத் துருவிப் படித்தார். தம் மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள், சாதியை ஏற்க மறுத்ததாலேயே தாழ்த்தப்பட்டவர்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அதே ஆண்டில் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

அவருடைய வரலாற்று விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சிந்தனை மக்கள் மனதில் செய்த வேலையை நாம் மறந்துவிடக் கூடாது. பூர்வ ஜென்மப் பாவத்தால் இப்படிப் பிறந்தோம் என்று நம்புகிறவனுக்குத் தன் உடம்பே பாரம். நம்மைத் தாழ்த்தியது மனிதர்கள்தான், நம் பிறப்பில் குற்றம் இல்லை என்று அறிந்தவனுக்கு அந்தப் பாரம் இறங்கிவிடுகிறது. வறுமை அப்படியே இருக்கும். நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் தன்னைத் தானே வெறுக்கும் துன்பம் அவனை விட்டுப் போய்விடும். கொலை, களவு, பொய், தவறான ஒழுக்கம், மது ஆகியவற்றை விலக்கும் ஐந்து ஒழுக்கங்களுக்கும் பணம் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். தன் மதிப்பைத் தன் நடத்தையால் தானே தேடிக்கொள்ளலாம்.

1907 ஜூன் 19ஆம் தேதி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். காலணா விலை, நான்கே பக்கம். அடுத்த ஆண்டில் அதன் பெயர் ‘தமிழன்’ ஆனது. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் முதல் கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் வரை அதைப் படித்தார்கள். தங்கவயலில் பௌத்த சங்கக் கிளைகள் வேர் பிடித்தன. பகலெல்லாம் பூமிக்கு அடியில் உழைத்தவர்கள், மேலே வந்து கூடிப் படித்து, பேசி, விவாதித்தார்கள். அங்கே அவர்கள் வெறும் கூலிகளாக இருக்கவில்லை. கருத்துச் சொல்லும் மனிதர்களாக இருந்தார்கள்.

மருத்துவம் பார்த்துக்கொண்டே, வாரம் தவறாமல் எழுதிக்கொண்டே பண்டிதர் வாழ்ந்தார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதியுமாறு தம் மக்களிடம் வற்புறுத்தினார். 1914 மே 5ஆம் தேதி காலமானார். அவர் கேட்ட கோயில் கதவு அவர் உயிரோடு இருந்தவரை திறக்கவில்லை. அதற்காக அவர் வாழ்க்கை துக்கத்தில் முடிந்தது என்று நாம் சொல்ல முடியாது. அவருடைய மதிப்பு அந்தக் கதவை நம்பி இருக்கவில்லை.

கல்லூரியிலோ வேலை இடத்திலோ ஒரு சொல்லால் குத்தப்பட்டு, இரவெல்லாம் தூங்காமல் புரளும் பிள்ளைகள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் புகார் கொடுக்கத்தான் வேண்டும்; சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதோடு பண்டிதரின் வாழ்க்கையையும் அவர்கள் படிக்க வேண்டும். அந்தச் சொல், சொன்னவனின் அளவைத்தான் காட்டுகிறது. அதை நம் அளவாக எடுத்துக்கொள்ளாத வரை, உரிமையும் கேட்கலாம், நிம்மதியாகவும் தூங்கலாம்.