பம்பருக்குள் ஒரு பியரி கியூரி

பியரி கியூரி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மேரி கியூரியின் கணவர், ரேடியம், நோபல் பரிசு. அத்தோட முடிஞ்சது. ஆனா தேவாரத்துல, ரெண்டு பக்கமும் பைக் நிக்கிற ஒரு தெருவுக்குள்ள காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேக்குதே ஒரு பீப் பீப், அதுக்கும் இந்த மனுஷனுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு. ரேடியத்துக்கு 18 வருஷம் முன்னாடியே அவரும் அவர் அண்ணனும் கண்டுபிடித்த ஒரு விஷயம்தான் இன்று கார் பம்பரில் உட்கார்ந்திருக்கிறது.

பியரி 1859 மே 15 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா டாக்டர். சின்ன வயதில் பையன் பள்ளிக்கூடமே போகவில்லை. ஒரு விஷயத்தைப் பிடித்தால் அதிலேயே மூழ்கிவிடுகிற சுபாவம், மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குத் தாவ வராது. அதனால் வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். 18 வயதில் பட்டம் வாங்கிவிட்டார். மேலே படிக்கக் காசு இல்லை. சோர்போன் பல்கலைக்கழகத்தில் லேப் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் ஜாக் அங்கேயே கனிமவியல் ஆய்வகத்தில் இருந்தார்.

1880-ல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். சில படிகங்களைக் குறிப்பிட்ட திசையில் அழுத்தினால் அவற்றின் இரண்டு முகங்களிலும் மின்னூட்டம் தோன்றியது. குவார்ட்ஸ், டூர்மலின், ஏன், கரும்புச் சர்க்கரைப் படிகத்தில்கூட அது தெரிந்தது. இதைத்தான் நாம பீசோ எலக்ட்ரிக் விளைவுன்னு படிக்கிறோம். அப்போது பியரிக்கு வயது 21. நம்ம ஃபைனல் இயர் வயசு.

அடுத்த வருஷமே லிப்மன் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டு, இதற்கு நேர் எதிரானதும் நடக்க வேண்டும் என்று காட்டினார். அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நீளவோ சுருங்கவோ வேண்டும். சகோதரர்கள் அதையும் சோதித்து நிரூபித்தார்கள். அழுத்தினா கரன்ட், கரன்ட் குடுத்தா அசைவு. பார்க்கிங் சென்சாருக்கு இந்த ரெண்டுமே வேணும்.

1882-ல் பாரிஸ் நகராட்சி புதிதாகத் தொடங்கிய இயற்பியல், வேதியியல் கல்லூரியில் பியரிக்கு வேலை கிடைத்தது. நம்ம பாஷையில சொன்னா லேப் இன்சார்ஜ். சம்பளம் குறைவு, சொந்த ஆராய்ச்சிக்குத் தனி அறைகூட கிடையாது. அங்கேயே 22 வருஷம் ஓட்டினார். மாணவர்களுக்குச் சோதனை சொல்லிக் கொடுத்த நேரம் போக, மிச்ச நேரத்தில் காந்தவியல். குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேலே போனால் இரும்பு போன்ற பொருள்கள் தங்கள் காந்தக் குணத்தை இழக்கின்றன என்பதை அளந்து காட்டினார். அந்த வெப்பநிலைக்கு இன்று அவர் பெயர்தான். 1895-ல் டாக்டர் பட்டம், அதே வருஷம் மேரியோடு கல்யாணம். தேனிலவு சைக்கிளில்.

மேரி யுரேனியக் கதிர்களை அளக்க ஆரம்பித்தபோது, அவற்றால் உண்டாகும் மின்னோட்டம் மிகமிகச் சின்னதாக இருந்தது. அதை அளக்கக் கைகொடுத்தது அண்ணன் தம்பி செய்த பழைய குவார்ட்ஸ் கருவி. எடை தொங்கவிட்டால் படிகத்தில் இவ்வளவு மின்னூட்டம் என்று தெரியும், அதை வைத்து ஈடுகட்டி அளந்துவிடலாம். 1898-ல் பொலோனியமும் ரேடியமும் வெளியே வந்தது அந்தக் கருவியின் துணையோடுதான். ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு இருவரும் காப்புரிமை எடுக்கவில்லை. 1903-ல் நோபல் பரிசு வந்தது. அரசு விருது கொடுக்கிறோம் என்றபோது, தனக்கு விருது தேவையில்லை, ஆய்வகம்தான் தேவை என்று மறுத்துவிட்டார்.

1906 ஏப்ரல் 19, வியாழக்கிழமை. பாரிஸில் மழை. டோஃபின் என்ற நெரிசலான தெருவை பியரி நடந்து கடந்தார். முன்னால் போன ஒரு வண்டிக்குப் பின்னாலிருந்து ரோட்டுக்குள் இறங்கியபோது, எதிரே பாரம் ஏற்றிய குதிரை வண்டி வந்துவிட்டது. தடுமாறிக் கீழே விழுந்தார். குதிரைகள் மிதிக்கவில்லை, முன் சக்கரங்களும் தாண்டிவிட்டன. பின் சக்கரம் தலையில் ஏறியது. வயது 46. வண்டிக்காரருக்கு அவர் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது, அவருக்கும் வண்டி தெரியவில்லை.

அவரிடம் அதே கல்லூரியில் படித்த மாணவர் பால் லாஞ்சவன். முதல் உலகப் போரில் கடலுக்கடியில் ஒளிந்து வரும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. லாஞ்சவன் ஆசிரியரின் குவார்ட்ஸை எடுத்தார். மின்சாரம் கொடுத்து அதிர வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அதே படிகத்தால் பிடித்தார். இன்றைய சோனார் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

பம்பரில் இருப்பதும் அதோட குட்டித் தம்பி. குவார்ட்ஸுக்குப் பதில் பீசோ செராமிக் வில்லை, பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதிர்வு. வில்லை ஒரு துடிப்பு அனுப்பிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒரு மீட்டர் தூரத்துச் சுவரில் பட்டு ஒலி திரும்ப சுமார் 6 மில்லிசெகண்ட் ஆகும். கன்ட்ரோலர் அந்த நேரத்தைத் தூரமாக மாற்றி பீப் அடிக்கிறது. அனுப்பிய அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிட்டால் அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ரொம்பக் கிட்டத்தில் இருக்கும் பொருள் தவறிப்போவது இதனால்தான். விடாம பீப் அடிச்சா, அதுக்கு மேல ஒரு இஞ்ச்கூட நகர்த்தாதீங்க.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ஆக, இனி வாங்குற கார்ல அது இருக்கும், பராமரிப்புதான் நம்ம கையில.

அதிரும் வில்லை மேல் சேறு அப்பினால் அதிர்வு மாறும். மழைக்காலத்தில் மேகமலை, குமுளிப் பக்கம் போய்விட்டு வந்தால், ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுரண்ட வேண்டாம். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைச் சென்சாருக்கு நேரே கிட்டத்தில் பிடிக்க விடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதும், தடிமனாகப் பெயின்ட் அடிப்பதும் அதன் காதைப் பொத்துகிற வேலை. வெயில்ல செத்துப்போகுமோன்னு பயப்பட வேண்டாம். செராமிக்குக்கும் ஒரு கியூரி வெப்பநிலை உண்டு, அது பொதுவாக 200 டிகிரிக்கு மேலே. கம்பம் பள்ளத்தாக்கு வெயில் அதுக்குப் பக்கத்துலகூட வராது.

எந்தச் சென்சார் போச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆஃப், இக்னிஷன் மட்டும் ஆன், ஹேண்ட் பிரேக் போட்டு, நண்பரை பிரேக் மிதித்தபடி ரிவர்ஸ் கியரில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு சென்சாரையும் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். நல்லா இருக்குறது மெல்ல டிக் டிக்னு துடிக்கும். துடிப்பே இல்லாததுதான் கோளாறு. வயரும் கழன்றிருக்கலாம், முதல்ல அதைப் பாருங்க.

எல்லாம் சரியாக இருந்தாலும், எதிரொலி திரும்பி வந்தால்தான் அதுக்குத் தெரியும். ஒல்லிக் கம்பி, பம்பருக்குக் கீழே கிடக்கும் கல், சரிவாக நிற்கும் பலகை தவறலாம். திறந்து கிடக்கும் சாக்கடை தெரியவே தெரியாது, அங்கிருந்து திரும்ப எதுவும் வராதே. துணி ஒலியை உறிஞ்சும். காருக்குப் பின்னால் குனிந்து கோலி பொறுக்கும் குழந்தையை அது சொல்லும் என்று நம்பி வண்டியை எடுக்கக் கூடாது. பியரியின் உயிரை எடுத்ததும் ஒரு பின் சக்கரம்தான். ரிவர்ஸ் போடும் முன் கண்ணாடியை இறக்குங்கள், ஒரு தடவை இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். அதுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.