நம் பக்கத்து ஊர் முதலமைச்சர் பக்தவத்சலம்

பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் நசரத்பேட்டை என்ற ஊரைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் கடைசிக் காங்கிரஸ் முதலமைச்சர் எம். பக்தவத்சலம் 1897 அக்டோபர் 9 அன்று பிறந்த ஊர் அதுதான்.

சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர், உறவினர் ஆதரவில் படித்து வக்கீலானார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். 1937-இல் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது நம் திருவள்ளூர். ஓமந்தூரார், காமராஜர் மந்திரிசபைகளில் இருந்தார். 1963 அக்டோபர் 2-இல், கட்சிப் பணிக்காகக் காமராஜர் பதவி விலகியபோது முதலமைச்சரானார்.

காமராஜருக்குப் பின் யார் வந்திருந்தாலும் சிரமம்தான். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டது, ராணுவமும் வந்தது, பல உயிர்கள் போயின. மாணவர் மனக்குமுறலை வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக அவர் பார்த்தது பெரிய தவறு என்பேன். அவர் பேரேட்டில் அந்தப் பற்றை யாரும் அழிக்க முடியாது.

ஆனால் அரிசிப் பஞ்சம்? உங்களில் மூத்தவர்களுக்கு அந்த ரேஷன் வரிசை நினைவிருக்கும். 1965, 1966 இரண்டு வருடமும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அதற்கு இவர் என்ன செய்வார்? பழி என்னவோ இவர் தலையில்தான் விழுந்தது.

1967-இல் தி.மு.க. 137 இடங்களில் வென்றது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். பக்தவத்சலம் தோற்றது ஸ்ரீபெரும்புதூரில், பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே. அதன்பின் இருபது வருடம் வாழ்ந்து, 1987 பிப்ரவரி 13 அன்று காலமானார்.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களோடு இவருடையதும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் இங்கேயும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.