நூறு மணி நேர மழையும் பிஷாரோட்டியும்

2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி கரை உடைந்தது. பனியாறு உருகித் தேங்கிய ஏரி அது. மறுநாளே ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. செப்டம்பர் 28இல் 167 ஹெக்டேர் பரந்திருந்த ஏரி, ஆறே நாளில் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. கீழே தீஸ்தா ஆற்றின் சுங்தாங் அணையை வெள்ளம் அடித்துச் சென்றது. இரண்டு மாதம் கழித்து மிக்ஜாம் புயல் மழையில் தண்டையார்பேட்டைத் தெருக்களில் நீர் வடியாமல் நின்றது. மின்சாரமில்லாத இரவில் மொட்டைமாடியில் நின்றிருந்த எனக்கு அந்தப் படங்கள் நினைவுக்கு வந்தன. வானிலிருந்து மண்ணைப் பார்க்கும் கலையை இந்நாட்டுக்குப் பழக்கிய பிஷாரோத் ராம பிஷாரோட்டியும் நினைவுக்கு வந்தார்.

அறிவியல் உலகம் அவரை இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று கொண்டாடுகிறது. நம் மாணவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். இத்தனைக்கும் அவர் அயலாரல்லர். 1909 பிப்ரவரி 10 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லங்கோட்டில் பிறந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். சுமார் பத்தாண்டுகள் கல்லூரி விரிவுரையாளராக இருந்தார். கோடை விடுமுறைகளில் பெங்களூர் சென்று சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தார். 1942இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, எல் நினோவுக்கும் காற்றழுத்த மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பைப் பின்னாளில் விளக்கிய ஜேக்கப் பியர்க்னஸிடம் பயின்று, 1954இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார்.

1962இல் புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானார். தென்மேற்குப் பருவமழைக்கான ஈரத்தில் பெரும்பகுதி அரபிக்கடலின் ஆவியிலிருந்தே கிடைக்கிறது என்று அந்நாளில் கணக்கிட்டுக் காட்டினார். நிலநடுக்கோட்டைக் கடந்து வரும் ஈரத்துக்கே பங்கு அதிகம் என்று பின்வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. ஆனால், அந்த விவாதத்தைத் தொடங்கிவைத்தது அவருடைய கணக்குதான்.

அறுபதை நெருங்கும் வயதில், ஓய்வை எண்ண வேண்டிய வேளையில், விக்ரம் சாராபாய் அவரை அகமதாபாத்துக்கு அழைத்தார். அவர் வாழ்க்கையின் சிறந்த பகுதி அங்கேதான் தொடங்கியது. 1970இல் தம் சொந்த மாநிலத்தின் தென்னந்தோப்புகள்மீது அவர் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார். அகச்சிவப்பு ஒளியைப் பதிவுசெய்யும் படச்சுருள் அதன் கேமராக்களில் இருந்தது. நலமான இலை கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலை அவ்வாறு செய்யாது. ஓலை வாடுவதை விவசாயி காணுமுன்பே, வேர்வாடல் நோய் தாக்கிய மரங்கள் படத்தில் வேறு நிறத்தில் தெரிந்தன. இந்தியத் தொலையுணர்வின் முதல் பெரும் சோதனை ராணுவத்துக்காகவோ கனிமத்துக்காகவோ அமையாமல் தேங்காய்க்காக அமைந்தது என்பது, பொருளாதாரம் கற்பித்த எனக்கு இன்றும் வியப்பளிப்பது. செலவு எங்கே, பயன் யாருக்கு என்ற கேள்விக்கு அந்தச் சோதனையிலேயே விடை இருந்தது.

அவ்வாண்டே பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1989இல் உலக வானிலை அமைப்பின் உயரிய பரிசும் வந்தது. இடையில் 1979இல் பாஸ்கரா, 1988இல் ஐஆர்எஸ்-1ஏ எனத் தென்னந்தோப்பில் முளைத்தது விண்வெளிக்கே சென்றுவிட்டது. இன்று ஒரே பனியாற்றின் வெவ்வேறு காலத்துப் படங்களை ஒப்பிட்டு, அதன் வெடிப்புகள் எத்தனை மீட்டர் இடம்பெயர்ந்தன என்று அளந்து, அது நகரும் வேகத்தைக் கணிக்கிறார்கள். மேகம் மூடினாலும் ரேடார் செயற்கைக்கோள் பார்க்கும். இமயத்து ஆற்றுப்படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளை இஸ்ரோ கணக்கெடுத்தது. அவற்றில் 676 ஏரிகள் 1984க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு விரிந்துள்ளன என்றும், அந்த 676இல் 130 இந்தியாவுக்குள் இருக்கின்றன என்றும் 2024இல் அறிவித்தது.

தெற்கு லோனாக் ஏரி பெருத்து வருவதும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் படத்தில் கண்டதுதான். 2016இல் குழாய்கள் பதித்து நீரை வெளியேற்றவும் முயன்றார்கள். ஆயினும் கீழே அணை எழுந்தது, நின்றது, போனது. ஒரு தகவலின் மதிப்பு, அது எந்த முடிவை மாற்றியது என்பதில்தான் இருக்கிறது. நோயைக் காட்டிய படத்தைப் பார்த்த பிறகும் மரத்தை அப்படியே விட்டுவைத்தால் ஹெலிகாப்டர் செலவு வீண்தான்.

பிஷாரோட்டி இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய முதுமைக்காலப் பணியே சான்று. விண்வெளியில் நின்றுவிடாமல் குளத்துக்கு இறங்கி வந்தார். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் இந்தியாவின் மழையில் பெரும்பகுதி சுமார் 100 மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது என்று கணக்குச் சொன்னார். ஐரோப்பாவைப் போல் ஆண்டு முழுதும் தூறும் நாடன்று இது. ஆகவே விழும் இடத்திலேயே, சிறு குளங்களில் நீரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று வாதிட்டார். ஏரிகளை வெட்டிய நம் முன்னோர் இதைக் கணக்கில்லாமலே அறிந்திருந்தார்கள். 2002 செப்டம்பர் 24 அன்று, 93 வயதில் அவர் மறைந்தார். மறு ஆண்டு தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது.

அந்த நூறு மணி நேரத்தில் சில மணிகள்தாம் வடசென்னையை மூழ்கடிக்கின்றன. இங்கே செயற்கைக்கோளுக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. திறந்தவெளியில் தேங்கிய நீர் ரேடார் அலையைக் கண்ணாடிபோல் அப்பால் திருப்பிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். எண்ணூர்க் கழிமுகமும் புழல் ஏரியும் அவ்வாறு தெளிவாகத் தெரியும். நெருக்கமான வீடுகளிடையே நிலைமை வேறு. அலை நீரிலும் சுவரிலும் மாறிமாறிப் பட்டுத் திரும்புவதால் மூழ்கிய தெருவும் பளிச்சென்றே தோன்றலாம். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இடுப்பளவு நீர் நின்ற தெரு, படத்தில் உலர்ந்த தெருவாகக் கணக்கில் சேரக்கூடும். அதனால்தான் படம் எடுப்பவர்கள் தரைக்கு வந்து சரிபார்க்கிறார்கள். கேரளத்திலும் எந்த மரம் நோயுற்றது என்பதைத் தோப்புக்குள் சென்றே உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

எங்கள் தெருச் சுவர்களில் 2015 வெள்ளத்தின் கறையும் 2023 வெள்ளத்தின் கறையும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பல வீடுகளில் அவை மறைந்துவிட்டன. தரையிலிருந்து அவை எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள்ள அதுவரை எவரும் வரவில்லை.