எதிரிக்கும் நியாயம் கேட்ட வழக்கறிஞர்



வகுப்பில் ஒரு பேனா காணாமல் போகிறது. உடனே, குறும்புக்காரப் பையன் ஒருவனைக் காட்டி, அவன்தான் எடுத்திருப்பான் என்று சிலர் சொல்லிவிடுவார்கள். ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு, குற்றத்தைப் பிறகு தேடுவது பெரும் தவறு. அரசு வழக்கறிஞர்கள் இத்தவறைச் செய்யவே கூடாது என்று எச்சரித்தவர், அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன்.

இவர் 1892ம் ஆண்டு பிப்ரவரி 13ம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிரூஸ்பர்க் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும், வழக்கறிஞர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் பழகினார். சட்டக் கல்லூரியில் படித்தது ஓர் ஆண்டுதான். ஆனாலும், 1913ல், 21 வயதிலேயே வழக்கறிஞர் ஆகிவிட்டார்!

இவரது திறமையைக் கண்ட மத்திய அரசு, 1934ல் வருமான வரித் துறைக்குச் சட்ட அதிகாரியாக அழைத்துக்கொண்டது. படிப்படியாக உயர்ந்து, 1940ல் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனார். அந்த ஆண்டுதான், தமக்குக் கீழ் பணிபுரிந்த அரசு வழக்கறிஞர்களைக் கூட்டி மேற்சொன்ன எச்சரிக்கையைத் தந்தார். 1941ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார்.

அவர் ஊருக்குச் சொன்னதைத் தாமே கடைப்பிடிக்க வேண்டிய வேளையும் வந்தது. 1945ல் இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் ஜெர்மனி தோற்றது. லட்சக்கணக்கான அப்பாவிகளைக் கொன்று குவித்த நாஜித் தலைவர்கள் பிடிபட்டார்கள். விசாரணை எதற்கு, சுட்டுத் தள்ளுங்கள் என்று வென்ற நாடுகளில் பலர் கொதித்தனர். ஜாக்சனோ, பழிவாங்குவது வேறு, நீதி வழங்குவது வேறு என்று உறுதியாக நின்றார்.

அதிபர் ட்ரூமன் அவரையே அமெரிக்காவின் தலைமை அரசு வழக்கறிஞராக நியமித்தார். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகளுக்கும் நீதிமன்ற முறைகள் வேறு வேறு. லண்டனில் பல வாரங்கள் பேசி, 1945 ஆகஸ்ட் 8ல் பொதுவான விதிகளை வகுத்தனர்.

நவம்பர் 20ல், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் விசாரணை தொடங்கியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகளில் ஒரே நேரத்தில் மொழிபெயர்ப்பு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டோருக்கும் வழக்கறிஞர்கள் வாதாடினர். சாட்சிகளைவிட, நாஜிகளே எழுதி வைத்திருந்த ஆவணங்களைத்தான் ஜாக்சன் பெரிதும் நம்பினார். கோரிங் என்ற நாஜித் தலைவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அவரே சற்றுத் திணறிப்போனார். ஆனால், எழுத்தில் இருந்த சாட்சியத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

1946 அக்டோபர் 1ல் தீர்ப்பு முடிந்தது. 22 பேரில் 12 பேருக்கு மரண தண்டனை. 7 பேருக்குச் சிறை. 3 பேர் விடுதலை! அந்த விடுதலையை ஜாக்சன் விரும்பவில்லை. ஆனால், முடிவை முன்பே எழுதி வைத்துவிட்டு நடத்திய நாடகம் அல்ல அந்த விசாரணை என்பதற்கு, அந்த மூவரே சாட்சி.

மீண்டும் நீதிபதிப் பணிக்குத் திரும்பினார் ஜாக்சன். 1954ல் மாரடைப்பால் மருத்துவமனையில் இருந்தார். வெள்ளைக் குழந்தைகளையும் கறுப்பினக் குழந்தைகளையும் பள்ளிகளில் பிரித்து வைக்கக் கூடாது என்ற வரலாற்றுத் தீர்ப்பு, மே 17ல் வெளியானது. அன்று மருத்துவமனையில் இருந்து நேரே நீதிமன்றம் வந்து அமர்ந்தார்! அதே ஆண்டு அக்டோபர் 9ல் காலமானார்.

செல்வங்களே, நல்லவருக்கு நியாயம் வழங்குவது எளிது. நமக்குப் பிடிக்காதவரின் பேச்சையும் முழுதாகக் கேட்டு முடிவு செய்பவரே நேர்மையாளர். நீங்களும் அப்படி வளர வேண்டும், சரிதானே?