ஆல்பிரெட் வெகனர்

ஒரு துறையிற் பயின்றார் பிறிதொரு துறையிற் புகுந்து புதுமை கூறின், அத்துறையார் அவரை ஐயுறுதல் உலகியற்கை. அங்ஙனம் ஐயுறப்பட்டும் எள்ளப்பட்டும், கொண்ட கொள்கையை விடாது நின்ற ஜெர்மானியப் பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வெகனர் 1880-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் பெர்லின் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு குருவானவர். வெகனர் 1905-இல் வானநூலில் டாக்டர் பட்டம் பெற்றாராயினும், வளிமண்டல ஆராய்ச்சியிலேயே மனம் பதித்தார். 1906-இல் தமையனாருடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்துக்கு மேல் வானிலே தங்கினார். அவ்வாண்டே கிரீன்லாந்துப் பனிவெளிக்கும் புறப்பட்டார்.

உலகப் படத்தை நோக்கியபொழுது, தென்னமெரிக்காவின் கீழ்க்கரையும் ஆப்பிரிக்காவின் மேல்கரையும் உடைந்த ஓட்டின் இரு துண்டங்கள் போலப் பொருந்துதல் அவர் கருத்தைக் கவர்ந்தது. இடையே பெருங்கடல் கிடப்பவும், மீசோசாரஸ் என்னும் பழைய ஊர்வனவற்றின் எலும்புகள் இரு கண்டங்களிலும் கிடைத்தன. இந்தியாவிலுள்ள குளோசாப்டெரிஸ் என்னும் செடியின் இலைப்படிவுகள் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டன. ஆதலின், கண்டங்கள் யாவும் ஒருகால் ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்து நகர்ந்தனவென 1912 ஜனவரியில் பிராங்க்பர்ட்டு நகரிற் பேசினார்; 1915-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார்.

அத்திலாந்திக்குப் பெருங்கடலின் நடுவே, நீருள் மறைந்து, வடக்குத் தெற்காக ஒரு நெடிய மலைத்தொடர் கிடக்கின்றது. ஆங்கே கடற்றரை பிளந்துகொண்டேயிருக்க, அடியிலிருந்து வெம்பொருள் எழுந்து இடைவெளியை நிரப்புகின்றது போலும் என 1912-இலேயே வெகனர் எழுதினார். அத்தொடர் நீருக்குமேல் தலைநீட்டும் ஐஸ்லாந்துத் தீவிலும் அவ்வாண்டு பயணஞ் செய்தார். ஆயினும், அக்கருத்தைப் பின்னர் அவர் வளர்த்திலர்.

கண்டங்களை நகர்த்தும் விசை யாது என அறிஞர் வினவினர். பூமியின் சுழற்சியும், கடலேற்றத்துக்குக் காரணமாகும் ஈர்ப்புமே என்றார் வெகனர். அவை மிகச் சிறியவை எனக் கணக்கிட்டோர் காட்டினர். எதிர்த்தோர் அனைவரும் பொறாமையாற் பேசினர் என நாம் கூறுதல் முறையன்று. அவ்வினாவுக்கு அவரிடம் தக்க விடையில்லை என்பதே உண்மை.

1930-இல் கிரீன்லாந்தின் நடுவே, கரையினின்று ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பனிநிலையத்துத் தோழர்க்காகக் கடுங்குளிரிற் புறப்பட்டு, அக்டோபர் 30-இல் அதனை அடைந்தார். தமது ஐம்பதாம் பிறந்த நாளன்று ராஸ்மஸ் வில்லும்சன் என்னும் கிரீன்லாந்து இளைஞருடன் கரைநோக்கி மீண்டார். இருவரும் கரை சேர்ந்திலர். வெகனரது உடல் 1931 மே மாதத்திற் பனியுள் நன்கு அடக்கஞ் செய்யப்பட்டிருக்கக் கண்டனர். அவ்வன்புக் கடனை ஆற்றிய வில்லும்சனது உடலோ இன்றளவும் கிடைத்திலது.

1950-க்குப் பின் மேரி தார்ப், புரூஸ் ஹீசன் என்போர் கடற்றரையின் படம் வரைந்து, அம்மலைத்தொடரின் உச்சியில் நெடும் பிளவொன்றுண்டெனக் காட்டினர். அத்தகைய தொடர்களிற் புதுத் தரை பிறந்து இருமருங்கும் விலகுகின்றதென 1962-இல் ஹாரி ஹெஸ் எழுதினார். 1963-இல் வைன், மாத்யூஸ் இருவரும் நம் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க்குத் தொடரை ஆராய்ந்து, கடற்றரைப் பாறைகளிற் பதிந்த காந்தக் குறிகளை அதற்குச் சான்றாக்கினர். அத்திலாந்திக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகல்கின்றது.

கண்டங்கள் கடற்றரையை உழுதுகொண்டு செல்வதில்லை. தரையோடு ஒன்றாய் நகர்கின்றன. வெகனர் ஒருமுறை தொட்டு விட்டுச் சென்ற மலைத்தொடரிலேயே அவர் கொள்கைக்குரிய சான்று கிடந்தது. பிறர் கூற்றை எள்ளுமுன் ஒருமுறைக்கு இருமுறை ஆராய்தலும், நம் ஏட்டின் ஓரத்தில் எழுதி மறந்த சிறு கருத்தையும் மீளப் புரட்டிப் பார்த்தலும் மாணவராகிய நமக்குக் கடனாம்.