ரேடியத்தில் டிரெஸ் கேட்ட டான்ஸர்... கியூரி தம்பதி என்ன சொன்னாங்க தெரியுமா?

இருட்டு மேடை. ஒரு பெண் கையை வீசுறாங்க. உடம்பைச் சுத்தியிருக்கும் பட்டுத்துணி பட்டாம்பூச்சியா விரியுது. அடுத்த நொடி அலையா சுழலுது. நிறமும் மாறிக்கிட்டே இருக்கு. கிராஃபிக்ஸ் இல்ல, எல்.இ.டி-யும் இல்ல. ஏன்னா, இது நடந்தது 1892-ல், பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கத்தில். அந்தப் பெண் லோயி ஃபுல்லர்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1862-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே நாடக மேடை ஏறியவர். முறையா நடனம் கத்துக்கிட்டவர் இல்லை. ஆனா, துணி மேல வெளிச்சம் விழுந்தா என்னவெல்லாம் ஆகும்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது.

பாரிஸுக்கு வர்றதுக்கு முன்னாடி, நியூயார்க்கில் அவருக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. இவரோட சர்பென்டைன் நடனத்தை இன்னொரு டான்ஸர் அப்படியே ஆட, ஃபுல்லர் கோர்ட்டுக்குப் போனார். கதையே இல்லாத நடனம் நாடகம் ஆகாது, அதனால காப்புரிமை கிடையாதுன்னு தீர்ப்பு வந்துடுச்சு.

நடனத்துக்குத்தான் உரிமை தரமாட்டாங்க, கருவிக்குத் தருவாங்களே! 1894-ல் தன் ஆடைக்கே அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார். துணிக்குள்ள மறைச்சு வெச்ச கோல்கள்தான் அதோட ரகசியம். கோலைப் பிடிச்சதும் கை நீளமாகிடும். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாலே துணியில் பெரிய அலை கிளம்பும். கண்ணாடித் தளத்துக்கு அடியிலிருந்து விளக்கு போடுவது, வண்ணக் கண்ணாடிகளை மாத்திக்கிட்டே இருப்பதுன்னு மேடையையே ஒரு லேப் ஆக்கிட்டார்.

அப்போதான் கியூரி தம்பதி கண்டுபிடிச்ச ரேடியம் பத்தி உலகமே பேச ஆரம்பிச்சது. இருட்டில் தானா ஒளிரும் பொருள்! அதை வெச்சு பட்டாம்பூச்சி இறக்கை செய்ய முடியுமான்னு அவங்களுக்கே கடிதம் எழுதினார் ஃபுல்லர். சிரிச்சுட்டு விட்டுடலை அவங்க. அது ஏன் நடக்காதுன்னு பொறுமையா விளக்கிப் பதில் போட்டாங்க. அதுக்கு நன்றி சொல்ல, எலெக்ட்ரீஷியன்களோடு அவங்க வீட்டுக்கே போய், சின்ன டைனிங் ரூமில் ஆடிக் காட்டினார் ஃபுல்லர். அன்னிக்குத் தொடங்கிய நட்பு அது. சிற்பி ரோடினை கியூரி தம்பதிக்கு அறிமுகப்படுத்தி வெச்சதும் இவர்தான்.

ரேடியம் இல்லைன்னா என்ன? சொந்தமா லேப் வெச்சு, ஒளிரும் உப்புகளைத் துணியில் தடவிப் பார்த்தார். ஒரு வெடிவிபத்தில் தலைமுடி கொஞ்சம் போச்சு; ஆராய்ச்சியை மட்டும் விடலை. 1904-ல் அவர் ஆடிய ரேடியம் நடனத்தில் மருந்துக்குக்கூட ரேடியம் கிடையாது.

அந்த 'முடியாது'வோட அருமை பின்னாடிதான் புரிஞ்சது. 1920-களில் அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பெயின்ட் அடிச்ச இளம்பெண்கள், பிரஷ்ஷை உதட்டில் வெச்சுக் கூராக்கிய பழக்கத்தால் தாடை எலும்பு அரிச்சு, ஒவ்வொருத்தரா இறந்துபோனாங்க. கியூரிகளுக்கே அந்த ஆபத்து அப்போ முழுசா தெரியாது. 1934-ல் மேரியின் உயிரைப் பறிச்சதும் கதிர்வீச்சால் வந்ததா நம்பப்படும் ரத்த நோய்தான்.

1928 ஜனவரி 1 அன்று பாரிஸில் ஃபுல்லர் இறந்தார். இன்னிக்கு வெளிச்சத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் நிறம் மாறும் துணிகளை டிசைனர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்குறாங்க. கலைஞர் ஆசைப்பட்டுக் கேட்கணும், விஞ்ஞானி உண்மையைச் சொல்லணும். அந்தக் கூட்டணியை ஒரே ஒரு கடிதத்தில் தொடங்கி வெச்சவர் லோயி ஃபுல்லர்!